பெரிய வீடு குழு: அழகு மலையில படுக்கப் போறானாம்

*வியாழன், அக்டோபர் முதல் வாரம்*

உமையாள்: எல்லாரும் இவனைக் கொஞ்சம் என்னன்னு கேளுங்க. சனிக்கிழமை ராத்திரி ஸ்காட்லாந்து மலையில கூடாரம் போட்டுப் படுக்கப் போறானாம். லாட்ஜ் கிடையாது, கரண்ட் கிடையாது. எங்கிட்ட இப்பத்தான் சொல்றான்.

அழகு: ஆத்தா, குழுவுலயே போட்டுட்டியா 🙈 நானும் ஆபீஸ் நண்பனும் ரெண்டு பேராத்தான் போறோம். எடின்பரோவுலேருந்து ஏவிமோர் வரைக்கும் ரயில். அங்கேருந்து காட்டு வழியா நடந்து லாரிக் க்ரூங்கிற கணவாய். மறுநாள் அதே வழியில திரும்பிருவோம்.

சொக்கு: அப்பத்தா குரல் பதிவு போட்டிருக்காக. கேக்க முடியாதவுகளுக்கு: “புலி கரடி இருக்குமேப்பா, துணிக்குள்ள படுத்தா அது என்ன கதவா, தாப்பாளா?”

அழகு: அப்பத்தா, அங்க புலி எந்தக் காலத்துலயும் கிடையாது. கரடி எப்பவோ அத்துப்போச்சு. ஓநாயையும் 18-ஆம் நூற்றாண்டுக்குள்ள வேட்டையாடியே முடிச்சுட்டாக. விஷப் பாம்பு ஒரே ஒரு வகைதான், அதுவும் இந்தக் குளிருக்குப் பொந்துக்குள்ள போற நேரம். ஆளைத் தின்கிற மாதிரி ஒண்ணுமே இல்லை.

மெய்யப்பன்: கீழ என்ன விரிக்கிற?

அழகு: பெரியப்பச்சி?

மெய்யப்பன்: கூடாரம் இருக்கட்டும். தரையில என்ன விரிப்பு? தைப்பூசத்துக்கு பழனி நடக்கையில வெட்டவெளியில படுத்திருக்கேன். மேல ரெண்டு போர்வை போர்த்தியும் நடுங்குவோம். குளிர் மேலேருந்து வராது, கீழேருந்து ஏறும். விவரமானவுக வைக்கோலை அள்ளிப் போட்டு அதுக்கு மேல ஜமுக்காளம் விரிப்பாக.

அழகு: சரியாக் கேட்டீக. காத்து அடிக்கிற மெத்தை ஒண்ணு, அதுக்குக் கீழ நுரைப்பாய் ஒண்ணு. கடையில எல்லாரும் தூங்குற பைக்குத்தான் காசைக் கொட்டுவாக. நம்ம எடையில பைக்குள்ள இருக்கிற இறகு அமுங்கிப்போகும், அடிப்பக்கம் அதால சூடே கிடையாது.

மெய்யப்பன்: கணவாய் எவ்வளவு உசரம்?

அழகு: 835 மீட்டர்.

சொக்கு: பூ! ஏற்காடே அதை விட உசரம்ணே.

அழகு: உசரத்தை வச்சுக் கணக்குப் போடாதே தம்பி. பூமத்திய ரேகையிலேருந்து 57 டிகிரி வடக்க. 600, 700 மீட்டருக்கு மேல மரமே கிடையாது, காத்தைத் தடுக்க ஆளில்லை. பக்கத்துல கெய்ர்ன்கார்ம் உச்சியில 1986 மார்ச்சுல மணிக்கு 173 மைல் வேகம் பதிவாயிருக்கு. அக்டோபர்லயே பனி விழலாம். அங்க ஆபத்து மிருகத்தால இல்லை. நனைஞ்ச உடம்பு, காத்து, திடீர்னு பெருகுற ஓடை. இந்த மூணும்தான் ஆளைச் சாய்க்கும்.

உமையாள்: இதைச் சொல்லித்தான் எனக்குத் தைரியம் குடுக்கிறியா?

அழகு: பருத்தித் துணி ஒண்ணுகூட எடுத்துக்கலை ஆத்தா. நனைஞ்சா காயாது, உடம்புச் சூட்டை உறிஞ்சிரும். எல்லாம் கம்பளி, சிந்தெடிக்.

சிகப்பி: டேய், உண்ணியை மறந்துராதே. மான் இருக்கிற புல்லுல உண்ணி இருக்கும். லைம்னு ஒரு கிருமி நோய் அது மூலமாத்தான் வருது. பேண்ட்டை சாக்ஸுக்குள்ள சொருகிக்கோ. ராத்திரி அக்குள், கவட்டை, முழங்காலுக்குப் பின்னாடி எல்லாம் தடவிப் பாரு.

சொக்கு: அப்பத்தா: “மாட்டுக்குக் கடிச்சா மண்ணெண்ணெய் தடவுவோம், தானா விழுந்துரும்.”

சிகப்பி: ஐயோ வேண்டாம் அப்பத்தா. எண்ணெய், நெருப்பு எதுவும் வைக்கக்கூடாது. கூர்முனை இடுக்கியால தோலோட ஒட்டிப் பிடிச்சு, திருகாம நேரா மெதுவா இழுக்கணும். எவ்வளவு சீக்கிரம் எடுக்கிறோமோ அவ்வளவு நல்லது.

மெய்யப்பன்: இடம் யாரோடது? அனுமதி வாங்கியாச்சா?

அழகு: நிறைய மலை தனியார் எஸ்டேட்தான். ஆனா ஸ்காட்லாந்துல 2003-ல ஒரு நிலச் சட்டம் வந்துச்சு. பொறுப்பா நடந்துக்கிட்டா யார் வேணா எந்த மலையிலயும் நடக்கலாம், கூடாரம் போட்டு ராத்திரி தங்கலாம். வீட்டு முற்றம், பயிர் நிக்கிற வயல் இதெல்லாம் கூடாது. சின்னக் கூட்டமாப் போகணும், ஒரே இடத்துல ரெண்டு மூணு ராத்திரிக்கு மேல கூடாது. லோமண்ட் ஏரி ஓரத்துல கூட்டம் தாங்காம, சில இடத்துல மார்ச்சிலேருந்து செப்டம்பர் வரைக்கும் பெர்மிட் வச்சுட்டாக. இங்கிலாந்துல இப்படிக் கூடாரம் போடுற உரிமை கிடையாது, டார்ட்மூர்ங்கிற மேட்டு நிலத்துல மட்டும் உண்டு. அதுவும் கோர்ட்டுக்குப் போயி 2025-லதான் உச்ச நீதிமன்றம் உறுதி பண்ணுச்சு.

மெய்யப்பன்: நம்ம கொல்லையில எவனாச்சும் கூடாரம் அடிச்சா நான் நாயை அவுத்து விட்ருவேன் 😀 அங்க எப்படிப் பொறுத்துக்கிறாக?

அழகு: போனவன் தடம் தெரியாமப் போறதாலதான். நெருப்பு மூட்டக்கூடாது. அந்தத் தரை கரிமண்ணு, பாதி மக்குன செடிகொடியால ஆனது, தீ மண்ணுக்குள்ளயே இறங்கி நாள்கணக்காப் புகையும். சமையல் கேஸ் அடுப்புலதான். வெளிக்குப் போனா தண்ணியிலேருந்து 30 மீட்டர் தள்ளிக் குழி தோண்டி மூடணும், பேப்பரைப் பையில கட்டித் திரும்ப எடுத்துட்டு வரணும்.

உமையாள்: சாப்பிடுற நேரத்துல 🤦‍♀️

அழகு: மழை கொட்டுனா கணவாய்க்கு அந்தப் பக்கம் கோரூர்னு ஒரு கல்லு வீடு இருக்கு ஆத்தா. பூட்டு கிடையாது, வாடகை கிடையாது, யார் வேணா தங்கலாம். 1965-லேருந்து ஒரு தொண்டர் சங்கம் இந்த மாதிரி வீடுகளைப் பராமரிக்குது.

சொக்கு: அண்ணே, வர்றப்ப அந்தக் கூடாரத்தைக் கொண்டாங்க. பசங்களோட கொழுக்குமலைப் பக்கம் போறோம். யாருக்கும் சொல்லாம ஒரே ஒரு ராத்திரி.

மெய்யப்பன்: உதை வாங்குவே.

அழகு: தம்பி, அந்த மலை வேற இந்த மலை வேற. 2018 மார்ச் 11 குரங்கணி மறந்துபோச்சா? மலையேறப் போனவுக 20 பேருக்கு மேல காட்டுத்தீயில போயிட்டாக. காஞ்ச புல்லு மேட்டுல தீ ஏறுற வேகத்துக்கு மனுசன் ஓட முடியாது. யானை, காட்டுமாடு, சிறுத்தை, கரடி எல்லாம் ராத்திரி நடக்கிற தடத்துலதான் நீ கூடாரம் போடுவே, ஏன்னா சமதரை அங்கதான் இருக்கும். கொடைக்கானல்ல காட்டுமாடு ஊருக்குள்ளயே வருதே, பாத்ததில்லையா? அனுமதி இல்லாமக் காட்டுக்குள்ள போனா வழக்கு வேற.

மெய்யப்பன்: போகணும்னா வனத்துறையே 2024-லேருந்து 40 பாதை திறந்து விட்டிருக்கு. ஆன்லைன்ல பதிஞ்சு, உள்ளூர் வழிகாட்டியோட போயிட்டு சாயந்தரம் இறங்கிரு. இல்லை, பறவை பாக்கணும்னா கார்த்திகைக்கு மேல கொள்ளுகுடிப்பட்டிக் கண்மாய்க்குப் போ. பறவைக்காகத் தீபாவளிக்கு வெடியே வெடிக்காத ஊரு. வீட்டுலேருந்து எவ்வளவு தூரம்? இதுவரை எட்டிப் பாத்திருக்கியா?

சொக்கு: சரி சரி, கூடாரத்தை வளவுலயாச்சும் போட்டுப் பாக்குறேன்.

மெய்யப்பன்: ஆத்தங்குடிக் கல்லுல முளைக்குச்சி அடிச்சே, அப்புறம் இருக்கு உனக்கு.

அழகு: எல்லாரும் கவனிங்க. மலையில சிக்னல் கிடையாது. ஞாயிறு அங்க மாலை 6-க்குள்ள மெசேஜ் போடுவேன். உங்களுக்கு ராத்திரி 10.30. வரலைன்னா பதற வேண்டாம். என் ரூம் நண்பன்கிட்ட வழி, வரைபடம் எல்லாம் குடுத்திருக்கேன், அவன் 999-க்குப் போன் போட்டு போலீஸ், மலை மீட்புக் குழுன்னு கேப்பான்.

சொக்கு: அப்பத்தா: “கருப்பரை நினைச்சுக்கிட்டுப் படு.”

*ஞாயிறு, இரவு 9.50*

அழகு: இறங்கியாச்சு. ஏவிமோர் ஸ்டேஷன்ல இருக்கேன். சூப் குடிக்கிறேன்.

உமையாள்: 🙏🙏🙏

மெய்யப்பன்: தூங்குனியா?

அழகு: எங்க தூங்க விட்டுச்சு! இது செம்மான் இணைசேர்ற பருவம். இருட்டுனதும் ஒரு கிடா அடிவயித்துலேருந்து இழுத்து உறுமுது, கடைசியில நாலஞ்சு செருமல். எதிர்ச் சரிவுலேருந்து இன்னொண்ணு பதில் சொல்லுது. விடிய விடிய இதே பாட்டு. காலையில ஜிப்பைத் திறந்தா ஓடைக்கு அந்தப் பக்கம் நிக்குது. உடம்பெல்லாம் கரிமண் சேறு, கொம்புல பிடுங்குன புல்லு தொங்குது. காத்து எங்க பக்கம் அடிச்சதால அதோட நாத்தம் கூடாரத்துக்குள்ளயே வந்துருச்சு. எங்களைச் சட்டைகூடப் பண்ணலை, அதுக்கு அதோட பொட்டைகள்தான் கவலை.

சொக்கு: கிட்டப் போனீங்களா?

அழகு: இந்த நேரத்துல கிடாவுக்கு வெறி. அதுவும் இல்லாம நாம கலைச்சா அது ஓடி வீணாக்குற தெம்பு குளிர்காலத்துல உசிருக்கு உலை. சனிக்கிழமை வழியில எஸ்டேட்காரவுக பலகை வச்சிருந்தாக, இந்தச் சரிவுல மான் வேட்டை, தடத்தை விட்டு விலகாதீகன்னு.

உமையாள்: வேட்டையா? பாவம்.

அழகு: ஓநாய் போனதுக்கப்புறம் மானைக் கொல்ல யாரும் இல்லை ஆத்தா. பெருகிப்போயி பைன் கன்னை எல்லாம் மேஞ்சிருது, காடு முளைக்கவே மாட்டேங்குது. மான் எண்ணிக்கையைக் குறைச்ச பக்கம் மட்டும் வேலி இல்லாமலே இடுப்பளவு கன்னு நிக்குது, கண்ணால பாத்தேன்.

சொக்கு: அப்ப மான் கறி கடையில கிடைக்கும். உப்புக்கறி போடலாமே 😋

மெய்யப்பன்: குழுவுல இதெல்லாம் எழுதாதே. இங்க 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் இருக்கு.

அழகு: முயல் ஒண்ணு பாறை மேல உக்காந்திருந்துச்சு சிகப்பி ஆச்சி. முதுகு இன்னும் பழுப்பு, கால் மட்டும் வெள்ளையாயிருச்சு. பகல் குறையக் குறைய ரோமம் தானா மாறும். பனி இப்ப முன்ன மாதிரி விழறதில்லை, வெள்ளை முயல் கறுப்பு மலையில கழுகுக்குப் பளிச்சுன்னு தெரியும். 2021-லேருந்து அதை லைசன்ஸ் இல்லாமச் சுடக்கூடாது.

சிகப்பி: முயல் கிடக்கட்டும். உண்ணி பாத்தியா?

அழகு: இடது முழங்காலுக்குப் பின்னாடி ஒண்ணு. எள்ளு அளவுகூட இல்லை. நீங்க சொன்னபடி எடுத்துட்டேன்.

சிகப்பி: தேதியைக் குறிச்சு வை. ஒரு மாசம் அந்த இடத்தைக் கவனி. சிவப்பு வட்டமாப் பரவுனாலோ, காய்ச்சல் வந்தாலோ டாக்டர்கிட்ட உண்ணி கடிச்சதுன்னு சொல்லிக் காட்டு. இப்ப போட்டோ எடுத்து எனக்குத் தனியா அனுப்பு, குழுவுல போடாதே.

சொக்கு: அப்பத்தா கேக்குறாக: “குடுத்து விட்ட சீப்புச் சீடை நமுத்துப்போச்சா?”

அழகு: மொறுமொறுன்னு இருந்துச்சு. பாதியை நண்பன் தின்னுட்டான். ரயில் வந்துருச்சு, அப்புறம் பேசறேன்.