புதுப்பிப்பு: மேற்கு ஜன்னலுக்குக் கூரை மாட்டியாயிற்று

படுக்கையறை ஜன்னலுக்கு மேல் கான்கிரீட் சன்ஷேடு ஒன்றரை அடிதான், நாலு மணி வெயில் நேராகக் கட்டிலில் விழுகிறது, நாமே ஒரு கூரை செய்துகொள்ளலாமா என்று முன்பு கேட்டிருந்தேன். செய்து மாட்டியாயிற்று.

தார்ப்பாயா பாலிகார்பனேட்டா (கெட்டிப் பிளாஸ்டிக் ஷீட்) என்ற விவாதத்தில் பாலிகார்பனேட் வென்றது. சட்டம் சதுர ஜிஐ குழாய், அதாவது துத்தநாகம் பூசிய இரும்பு. நான் அளந்து வெட்டினேன், வெல்டிங் மட்டும் பட்டறையில். வெல்டிங் வைத்த இடத்தில் துத்தநாகப் பூச்சு எரிந்துவிடும், அங்கே ப்ரைமர் அடிக்காமல் விட்டால் துருதான்.

ஷீட்டில்தான் நிதானம் வேண்டும். புற ஊதாக் கதிரைத் தடுக்கும் பூச்சு பெரும்பாலும் ஒரு பக்கம்தான் இருக்கும். அது வானத்தைப் பார்க்கவேண்டும். எந்தப் பக்கம் என்று மேலே ஒட்டிய தாளில் அச்சடித்திருப்பார்கள், உரிக்கும் முன் குறித்துக்கொள்ளுங்கள். ஷீட்டுக்குள்ளே வரிசையாக ஓடும் வெற்றுக் குழல்கள் சரிவு வாட்டத்தில் இருந்தால்தான் ஈரம் வடியும். வெயிலில் ஷீட் விரியும், அதனால் துளை திருகைவிடக் கொஞ்சம் பெரிதாக இருக்கட்டும். ரப்பர் வாஷர் போட்டு, நசுக்காமல் முடுக்கினால் போதும்.

காற்று தூக்கிவிடாதா என்று கேட்டவர்களுக்கு: சிமெண்ட் பூச்சில் பிடிமானமே கிடையாது. கவ்விப் பிடிக்கும் ஆங்கர் போல்ட்டை, ஜன்னலுக்கு மேலே ஓடும் லின்டல் கான்கிரீட்டில் இறக்கியிருக்கிறேன்.

அப்புறம், சாயங்காலச் சூரியன் தாழ்ந்துவிட்டால் எந்தக் கூரையும் போதாது. முன்விளிம்பில் ஓரடிக்குப் பச்சை நிழல்வலை தொங்குகிறது. நர்சரி மாதிரி இருக்கிறதாம், வீட்டில் கிண்டல். மழைச் சத்தமும் கொஞ்சம் ஜாஸ்திதான்.