11 நாளில் உச்சம்: கோளா, நட்சத்திரத்தின் சேட்டையா? அவசரம்

மூடுபனி_ஹட்டன்:
வணக்கம். ஒரு நட்சத்திரத்தின் ஆரத் திசைவேகத் தரவுக்கு (அது நம்மை நோக்கியும் விலகியும் நகரும் வேகம்) பீரியடோகிராம் போட்டேன், எத்தனை நாளுக்கு ஒரு முறை அலைவு திரும்புகிறது என்று பார்க்க. 11 நாளுக்குச் சற்று மேலே பெரிய உச்சம். தற்செயலாக வரும் வாய்ப்பு 0.1 சதவீதத்துக்கும் கீழே. கோள்தானே? சைன் வளைவைப் பொருத்திக் கழித்தால் மிச்சத்தில் பக்கத்திலேயே இன்னோர் உச்சம் முளைக்கிறது. அது இரண்டாவது கோளா? நாளைக் காலை கம்பஸில் சேரிடம் காட்ட வேண்டும். இங்கே அடை மழை, கரண்ட் எப்போது போகும் என்று தெரியாது. சீக்கிரம் சொல்லுங்கள்.

ஊவா_காற்று:
எந்த நட்சத்திரம்? எந்தக் கருவி? எந்த வருடத்திலிருந்து எந்த வருடம் வரை?

கொழுந்துக்கூடை:
நட்சத்திரத்தின் சுழற்சிக் காலம் எவ்வளவு? அதைச் சொல்லாமல் கோளா என்று கேட்டால் நாங்கள் சோழிதான் போட்டுப் பார்க்க வேண்டும்.

பழைய_வாத்தி:
தம்பி, பைத்தானில் நாலு வரி எழுதியவர் எல்லாம் இப்போது கோள் கண்டுபிடிக்கிறார்கள். 1995இல் 51 பெகாசியின் கோளை அறிவித்த இருவரில் ஒருவரான கெலோ, 2001இல் இன்னொரு கட்டுரைக்குத் தலைமை தாங்கினார். எச்டி 166435 என்ற நட்சத்திரத்தில் 3.8 நாள் அலைவு கோள் போலவே தெரிந்தது, கடைசியில் கரும்புள்ளி. கோள் இழுத்தால் நிறமாலைக் கோடு உருவம் மாறாமல் முழுசாக நகரும். புள்ளி என்றால் கோடு ஒரு பக்கம் கோணும். அந்தக் கோணலைக் காட்டும் பைசெக்டரை, அதாவது கோட்டின் நடுக்கோட்டை, பார்த்தீரா? பார்த்திருக்க மாட்டீர்.

ஜிபி_பைத்தியம்:
இதற்கெல்லாம் ஒரே மருந்து: காஸியன் பிராசஸ் (ஜிபி), நட்சத்திரத்தின் அலைவை நெகிழ்வாகப் பொருத்தும் புள்ளியியல் முறை. அதில் அரைச்சுழல் கர்னல், ஏறக்குறைய மட்டும் திரும்ப வரும் அலைவுக்கானது. போட்டுவிட்டுத் தூங்கப் போகலாம்.

மூடுபனி_ஹட்டன்:
தம்பி இல்லை சேர், தங்கச்சி. நட்சத்திரம் எப்சிலன் எரிடானி, கருவி ஹார்ப்ஸ் நிறமாலைமானி, கிடைத்த வருடம் எல்லாம். பைலில் நேரம், வேகம், பிழை மூன்று நிரல்தான் இருக்கிறது.

ஊவா_காற்று:
எப்சிலன் எரிடானியா! அதை முதலிலேயே சொல்லியிருக்கலாமே தங்கச்சி. அது இளசு, நூறு கோடி வயதுகூட ஆகாதது, புள்ளிகள் நிறைய. சுழற்சிக் காலமே 11 நாள் சொச்சம். உங்கள் உச்சம் உட்கார்ந்திருப்பது அங்கேதான். இரண்டாவது உச்சத்துக்கும் கோள் தேவையில்லை: வெவ்வேறு அகலாங்கில் உள்ள புள்ளிகள் வெவ்வேறு வேகத்தில் சுற்றும், அவையே தோன்றி மறையும், அதனால் ஒற்றை சைன் வளைவைக் கழித்தால் மிச்சம் இருக்கத்தான் செய்யும். பாதிக் காலத்தையும், அதாவது ஐந்தரை நாள் பக்கத்தையும் பாருங்கள். கிளீஸ் 581 நட்சத்திரத்தின் 'டி' கோள் மாட்டிக்கொண்டது அப்படித்தான். 66 நாள் கோள் என்றார்கள். 2014இல் எச்-ஆல்பா கோட்டை வைத்துப் பார்த்தபோது நட்சத்திரம் 130 நாளில் சுழல்வது தெரிந்தது.

இன்றிரவே செய்யக்கூடியது இதுதான். தரவை நோக்கிய பருவம் பருவமாக வெட்டி, ஒவ்வொன்றிலும் வீச்சையும் கட்டத்தையும் (அலை எந்த நேரத்தில் ஏறி இறங்குகிறது என்பதை) தனியாகப் பொருத்துங்கள். கோள் என்றால் எல்லாப் பருவத்திலும் பிழை எல்லைக்குள் ஒத்துப்போகும். புள்ளி என்றால் கட்டம் தாவும், சில பருவத்தில் காணாமலே போகும். உச்சத்தின் உயரத்தை நம்ப வேண்டாம். வலுவான புள்ளி அலைவும் அதே உயரம் ஏறும்.

கொழுந்துக்கூடை:
அகச்சிவப்பிலும் தரவு தேடுங்கள். புள்ளிக்கும் சுற்றுப்புறத்துக்கும் உள்ள ஒளி வேறுபாடு அங்கே குறையும், கோள் இழுப்பு குறையாது. டிடபிள்யூ ஹைட்ரே நட்சத்திரத்தின் 'கோள்' 2008இல் விழுந்தது அதனால்தான்.

ஜிபி_பைத்தியம்:
வெட்டினால் ஒவ்வொரு துண்டிலும் தரவுப் புள்ளிகள் போதாது. ஜிபிதான் சரி.

பழைய_வாத்தி:
11 நாள் என்று சொல்லிக் கொடுத்தால் உங்கள் ஜிபி 11 நாளில் உள்ள எல்லாவற்றையும் விழுங்கும், கோளையும் சேர்த்து. ஆல்பா சென்டாரி பி நினைவிருக்கிறதா? 2012இல் அந்த நட்சத்திரத்துக்கு 3.24 நாள் கோள் என்றார்கள், அலைவு நொடிக்கு அரை மீட்டர். 2016இல் பார்த்தால் நோக்கிய இரவுகளின் இடைவெளி உண்டாக்கிய ஆவி.

ஜிபி_பைத்தியம்:
அந்த ஆவியைப் பிடித்ததே ஜிபி வைத்த ஆட்கள்தான் வாத்தியாரே. ஏயு மைக்ரோஸ்கோபி நட்சத்திரத்தையும் பாருங்கள்: சுழற்சி 4.86 நாள், கோள் 8.46 நாள், இரண்டையும் பிரித்தார்கள்.

பழைய_வாத்தி:
கடப்பு (கோள் நட்சத்திரத்தின் முன்னால் போய் ஒளியை மறைப்பது) கிடைத்துக் காலம் முன்பே தெரிந்ததால் பிரித்தார்கள்! தங்கச்சியிடம் கடப்பு இருக்கிறதா?

நானுஓயா_கோச்சி:
நடுவில் ஒரு கேள்வி. ஹார்ப்ஸ் இருக்கும் சிலியின் லா சியா மலை சுமார் 2400 மீட்டர். நம்ம பிதுருதலாகலை 2524. இங்கே ஏன் ஒன்று வைக்கக் கூடாது?

கொழுந்துக்கூடை:
உயரம் இருந்தால் போதுமா அண்ணே? அங்கே பாலைவனம். இங்கே தென்மேற்குப் பருவமழை முடிந்தால் வடகிழக்கு, நடுவில் மூடுபனி. கண்ணாடியைத் துடைக்கவே ஆள் வேண்டும்.

நானுஓயா_கோச்சி:
பெப்ரவரி, மார்ச்சில் வானம் கண்ணாடி மாதிரி இருக்கும். நுவரெலியாவில் இருந்து பார்த்திருக்கிறேன்.

பழைய_வாத்தி:
வருடத்தில் இரண்டு மாதம் பார்த்தால் 11 நாள் எது, அதன் போலி எது என்று ஒரு காலத்திலும் பிரிக்க முடியாது.

மூடுபனி_ஹட்டன்:
வெட்டிப் பார்த்தேன். கட்டம் பருவத்துக்குப் பருவம் தாவுகிறது, ஒன்றில் உச்சமே இல்லை. சேர் பார்த்துவிட்டுக் கல்சியம் எஸ் குறியீட்டையும் (நட்சத்திரத்தின் சேட்டையை அளப்பது) பக்கத்தில் போட்டுக் கொண்டு வரச் சொன்னார். நன்றி, கரண்ட் போகப் போகிறது.

ஊவா_காற்று:
நல்லது. ஒன்று விட்டுப்போயிற்று: 2015 நடுவில் ஹார்ப்ஸுக்கு ஒளியைக் கொண்டுபோகும் இழைகளை மாற்றினார்கள், அதற்கு முன்னும் பின்னும் வேகம் ஒரே சுழியில் நிற்காது. இரண்டையும் இரண்டு கருவியாகவே வைத்துப் பொருத்தினீர்களா?

நானுஓயா_கோச்சி:
பிதுருதலாகலை வேண்டாம் என்றால் ஹோர்ட்டன் சமவெளி?

ஊவா_காற்று:
தங்கச்சி, 2015?