மறு: இன்டர்ஆபரபிலிட்டி – ஊடியங்குமையா, கூடியங்குமையா?

எல்லோருக்கும் வணக்கம். வெவ்வேறு கம்பெனிச் சாதனங்கள் ஒன்றோடொன்று சேர்ந்து வேலை செய்வதைக் குறிக்கும் 'இன்டர்ஆபரபிலிட்டி'க்கு நம் குழு தமிழ்ச்சொல் தேடுகிறது. ஒரு நண்பர் இப்படிக் கேட்டிருந்தார்:

> 'இடைச்செயற்பாடு' யாருக்கும் புரியவில்லை. 'ஊடியங்குமை' என்று வைக்கலாமா?

'ஊடு' என்பதை 'இடையே' என்ற பொருளில் எடுத்திருக்கிறீர்கள். ஆனால் சொல்லைப் பார்த்ததும் எனக்குத் தோன்றியது ஊடல்தான். இரண்டு பெட்டிகள் ஆளுக்கொரு பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டு உட்கார்ந்திருக்கிற மாதிரி. சிரித்துவிட்டேன். அப்புறம் சிரிப்பு நின்றுவிட்டது. போன குறுவை அறுவடையில் மன்னார்குடிப் பக்கம் நான் பார்த்ததும் அதுதானே!

அங்கே ஓர் அரிசி ஆலை. தலைமை அலுவலகம் கும்பகோணத்தில். லாரி எடைமேடையில் ஏறியதும் எடை கும்பகோணம் போய், அங்கிருந்து சீட்டு வரவேண்டும். நடுவில் வி.பி.என்., அதாவது பொது இணையத்துக்குள் போடும் மறையிட்ட சுரங்கப்பாதை. ஆலையில் ஒரு கம்பெனியின் ரூட்டர், அலுவலகத்தில் வேறொரு கம்பெனியின் ஃபயர்வால். ஐபிசெக் (சுரங்கத்துக்கான நெறிமுறை), ஐ.கே.இ. 2ஆம் பதிப்பு (அதற்கான சாவியைப் பேசி முடிக்கும் நெறிமுறை) என்று இரண்டின் அட்டைப்பெட்டியிலும் போட்டிருந்தது. காலை ஒன்பதுக்கு இணைத்தேன், இணைந்தது. பத்து மணிக்கு அறுந்தது. திரும்ப இணைத்தேன். பதினொன்றுக்கு அறுந்தது. வாசலில் ஏழு லாரி. "உங்க லைனும் முறைத் தண்ணிதானா தம்பி?" என்று ஓர் ஓட்டுநர் கேட்டார்.

காரணம் பிடிபட இரண்டு நாள் ஆயிற்று. மறையீட்டுச் சாவியைப் புதுப்பிக்கும்போதெல்லாம் புதிதாக ஒரு டிஃபி-ஹெல்மன் பரிமாற்றம் (ரகசியச் சாவியை வெளியே அனுப்பாமலே இரு முனையும் அதை உருவாக்கிக்கொள்ளும் முறை) நடக்கவேண்டும் என்று அலுவலகப் பெட்டியில் அமைத்திருந்தார்கள். ஆலைப் பெட்டியில் அது அணைந்து கிடந்தது. ஐ.கே.இ. 2இல் இந்த வேறுபாடு முதல் தடவை வெளியே தெரியாது. முதல் சுரங்கத்துக்கான சாவி, தொடக்கக் கைகுலுக்கலில் நடந்த பரிமாற்றத்திலிருந்தே பிறந்துவிடும். 3600 விநாடி கழித்துச் சாவி மாற்றும் நேரத்தில்தான் ஒன்று கேட்க, மற்றது இல்லை என்று சொல்ல, 'நோ ப்ரொபோசல் சோசன்' (எந்த முன்மொழிவும் ஏற்கப்படவில்லை) என்று பதிவேட்டில் ஒரு வரி விழும். நானோ இணைந்த நேரத்துப் பதிவையே திருப்பித் திருப்பிப் படித்துக்கொண்டிருந்தேன்.

இதை இவ்வளவு நீட்டி எழுதக் காரணம் உண்டு. ஒன்றுக்கொன்று பொருந்தும் தன்மையான கம்பாட்டிபிலிட்டிக்குப் 'பொருந்துமை' என்று முன்பே முடிவு செய்துவிட்டோம். அது பத்துப் பொருத்தம் பார்ப்பது போல. அந்த இரண்டு பெட்டிகளுக்கும் ஜாதகம் பொருந்தித்தான் இருந்தது, குடித்தனம்தான் நடக்கவில்லை. நமக்கு வேண்டியது குடித்தனத்துக்கான சொல். 'ஒத்தியங்கல்' என்று இன்னொரு நண்பர் எழுதியிருந்தார். எங்கள் ஊர்க்காரருக்கு ஒத்து என்றால் நாயனத்துக்குப் பின்னால் நின்று ஒரே சுருதியை ஊதுகிற கருவி. ஒத்து ஊதுவது என்றால் எல்லாருக்கும் தெரியும். இங்கே யாரும் யாருக்கும் ஒத்து ஊதவில்லை, இரண்டும் சமமான ஆட்கள். அதனால் ஊடலை விட்டுக் கூடலுக்கு வருவோம்: 'கூடியங்குமை'. வினையாகக் 'கூடியங்கு'.

வயர்கார்டு என்ற இன்னொரு வி.பி.என். நெறிமுறை இருக்கும்போது இந்தச் சொல்லுக்கு எத்தனை நாள் வேலை என்று கேட்பீர்கள். 2020இல் லினக்ஸ் 5.6 கருவகத்தில் (கெர்னலில்) சேர்க்கப்பட்ட அந்த நெறிமுறையில், எந்த மறையீட்டு முறை என்று இரு முனையும் பேசி முடிக்கும் பேரமே கிடையாது. கர்வ்25519, சாச்சா20-பாலி1305 என்று எல்லாம் முன்பே முடிவானவை. எனக்குப் பிடித்த ஏற்பாடுதான். ஆனால் அந்த மறையீட்டு முறைகளில் ஒன்று நாளை உடைந்தால் இரு முனையிலும் மென்பொருளையே மாற்றியாக வேண்டும். ஐபிசெக் பக்கமோ பேரம் கூடிக்கொண்டே போகிறது. 2023இல் இணையத் தர ஆவணமான ஆர்.எஃப்.சி. 9395 ஐ.கே.இ. முதல் பதிப்பை ஓரங்கட்டியது. அதே ஆண்டு வந்த ஆர்.எஃப்.சி. 9370, வழக்கமான சாவிப் பரிமாற்றத்துக்கு மேல் இன்னும் ஏழு வரை சேர்த்துக்கொள்ள வழிசெய்தது. குவாண்டம் கணினி வந்தாலும் தாங்கவேண்டும் என்பதற்காக. 2024 ஆகஸ்டில் அப்படித் தாங்குவதற்கான சாவி முறையான எம்.எல்.-கெம் தரமும் வெளியாகிவிட்டது. ஒரு பெட்டிக்கு அது தெரியும், எதிர்ப்பெட்டிக்குத் தெரியாது என்கிற நிலை இனி ஊருக்கு ஊர் வரும்.

– கும்பகோணத்திலிருந்து

மறு:

ஐயா, சொல் நன்றாக இருக்கிறது. இரண்டு ஐயம். கூடி + இயங்கு என்றால் 'கூடியியங்கு' என்றுதானே வரவேண்டும்? அப்புறம், 'கூடு' என்றதும் குருவிக்கூடு நினைவுக்கு வராதா?

– திருவாரூரிலிருந்து

மறு:

தம்பி, நான் 'கூடி' என்ற எச்சத்தை எடுக்கவில்லை. கூடு + இயங்குமை, வினைத்தொகை. குற்றியலுகரம் கெட்டுக் 'கூடியங்குமை' ஆகும். குருவிக்கூடு நினைவுக்கு வந்தால் வரட்டும், 'ஊடி'யைவிட அது தேவலாம்.

எடுத்துக்காட்டு கேட்டிருந்தார்கள்: 'இவ்விரு சாதனங்களும் பொருந்துகின்றன, ஆனால் கூடியங்கவில்லை.' 'கூடியங்குமைச் சோதனையைச் சாவி புதுப்பிக்கப்படும் வரை நடத்தவும்.'

நேற்று நீடாமங்கலம் கிளையில் புதுப் பெட்டி வைத்தபோது ஆலைக் கணக்கரிடம், "ரெண்டும் கூடியங்குதுங்க" என்று சொல்லிப் பார்த்தேன். அர்த்தம் கேட்கவில்லை. "ஒரு மணி நேரம் ஆகட்டும் தம்பி, அப்புறம் சொல்லுங்க" என்றார்.