டேங்கர் லாரியில ‘ஹைலி இன்ஃப்ளேமபிள்’: சரியா, தப்பா?

கரூர்க்காரன்: பெட்ரோல் டேங்கர் பின்னாடி சிவப்புல ‘ஹைலி இன்ஃப்ளேமபிள்’னு எழுதி வச்சிருக்கான். ‘இன்’ போட்டா எதிர்ப்பதம்னு அஞ்சாங்கிளாஸ் பையனுக்கே தெரியும். விசிபிள், இன்விசிபிள். அப்போ தீப்பிடிக்காதுன்னுதானே அர்த்தம்? ‘ஃப்ளேமபிள்’னு மாத்துங்கப்பா!

பழைய வாத்தியார்: பெயின்டர் சரியாத்தான் எழுதியிருக்கார், தம்பி. இன்ஃப்ளேம்னா தீ மூட்டிவிடுறது. இன்ஃப்ளேமபிள், ஃப்ளேமபிள் ரெண்டுக்கும் சுலபமா தீப்பிடிக்கும்னுதான் அர்த்தம். இந்த லத்தீன் ‘இன்’னுக்கு ‘உள்ளே’ன்னு பொருள், ‘இல்லை’ன்னு இல்ல. இன்ஃப்ளேமபிள் 1600 வாக்குலேயே உண்டு. ஃப்ளேமபிள் வந்ததே 1813ல. உங்களை மாதிரி ஆளுங்க பக்கத்துல போய் பீடி பத்த வச்சிடுவாங்கன்னுதான், 1920கள்ல அமெரிக்கத் தேசியத் தீத்தடுப்புச் சங்கம் ‘இன்’னை எடுக்கச் சொல்லுச்சு.

கரூர்க்காரன்: எடுக்கச் சொன்னாங்கல்ல? அப்போ தப்புதானே! நீங்களே ஒத்துக்கிட்டீங்க.

பழைய வாத்தியார்: குழப்பம்னாங்க. தப்புன்னு சொல்லலை. படிச்சுட்டுப் பேசணும்.

மாலைக்காற்று: கரூர் அண்ணா, இன்வேல்யுபிள்னா மதிப்பே இல்லாததா?

கரூர்க்காரன்: மதிப்பிட முடியாதது! அங்கயும் ‘இன்’ எதிர்ப்பதம்தான். நன்றி தங்கச்சி, பாயின்ட் எனக்கு.

பழைய வாத்தியார்: ஒரு ‘இன்’ அப்படி இருந்தா எல்லா ‘இன்’னும் அப்படியா? டயருக்கு இன்ஃப்ளேட் பண்றீங்களே, அது காத்தைப் பிடுங்கறதா?

கெமிஸ்ட்ரி லேப்: எதுக்கு வம்பு, எரியக்கூடியதுங்கற அர்த்தத்துல ‘கம்பஸ்டிபிள்’னு எழுதிட்டுப் போங்க.

பழைய வாத்தியார்: பேரு மட்டும் கெமிஸ்ட்ரி! அமெரிக்காவுல 2012 வரைக்கும் இருந்த தொழிலிடப் பாதுகாப்பு விதிப்படி, ஃப்ளாஷ் பாயின்ட், அதாவது திரவத்தோட ஆவி தீப்பிடிக்கிற குறைஞ்சபட்ச வெப்பநிலை, 37.8 டிகிரி செல்சியஸுக்குக் கீழ இருந்தா ஃப்ளேமபிள், அதுவோ அதுக்கு மேலயோ இருந்தா கம்பஸ்டிபிள். பெட்ரோல் மைனஸ் 40 கிட்ட. டீசல்தான் பொதுவா 50ஐத் தாண்டும்.

நாமக்கல் ஸ்டியரிங்: டீசல் ஏத்தற எங்க வண்டியிலயும் ஹைலி இன்ஃப்ளேமபிள்தான் சார் எழுதியிருக்கு. அப்போ அது தப்பா?

கரூர்க்காரன்: பாருங்க! டிரைவரே தப்புங்கறார்.

நாமக்கல் ஸ்டியரிங்: நான் எங்கண்ணே சொன்னேன்? கேள்விதான் கேட்டேன். என்னை இழுக்காதீங்க. அதை எவன் படிக்கிறான்? கைல சிகரெட்டோட வந்து ‘லோடு எவ்வளவு’ன்னு கேக்குறான்.

கெமிஸ்ட்ரி லேப்: வாத்தியாருக்கு ‘வெரி யூனிக்’ சண்டையில வாங்கின அடி இன்னும் ஆறலை போல.

பழைய வாத்தியார்: யார் அடி வாங்கினது? யூனிக்னா ஒண்ணே ஒண்ணு. அதுக்கு முன்னாடி ‘வெரி’ வராது. அன்னிக்குப் பாதியில ஓடினது நீங்க.

கரூர்க்காரன்: பேச்சை மாத்தாதீங்க சார். ‘இன்’ போட்டா எதிர்ப்பதம்.

பழைய வாத்தியார்: நீங்க கொஞ்சம் இருங்க. லேப் சார், யூனிக்குக்கு முதல்ல பதில் சொல்லுங்க.