ஹட்டன் பக்கம் தமிழில் பேசும் நல்ல மனநல வைத்தியர் யாராவது இருக்கிறார்களா?

வணக்கம், பெயர் போடாமல் எழுதுகிறேன், மன்னிக்கவும். நானும் அவனும் நாலு வருடமாகச் சேர்ந்திருக்கிறோம், இரண்டு பேரும் ஆண்கள். போன தீபாவளிக்கு அவன் தோட்டத்துக்குப் போனபோது வீட்டில் தெரிந்துவிட்டது, அன்றிலிருந்து ஒவ்வொரு சனிக்கிழமையும் "மாத்திக் காட்டுறேன்" என்று சொல்லும் ஒருவரிடம் கூட்டிப் போகிறார்கள், ஒரு தடவைக்கு 5,000 ரூபா, எல்லாம் அம்மா கொழுந்து பறித்த காசு.

அங்கே ஒரு சின்னக் கொப்பி கொடுத்திருக்கிறார்கள். என் நினைப்பு வரும்போதெல்லாம் அதில் ஒரு கோடு போட வேண்டுமாம். போன ஞாயிறு பஸ் ஸ்டாண்டில் பிளேன்டீ வாங்கி நீட்டினேன், என் கை பட்டதும் கொப்பியை எடுத்தான். எனக்கு அங்கே நிற்க முடியவில்லை. இப்போது பேசினாலே சண்டை, போகாதே என்றால் "அம்மா அழுவாங்க" என்கிறான், அதுவும் பொய்யில்லை.

இது நோயில்லை, உலக சுகாதார அமைப்பு 1990இலேயே நோய்ப் பட்டியலிலிருந்து எடுத்துவிட்டது என்று சொல்லிப் பார்த்தேன். அப்போ இதைக் குற்றமாக்கும் 365அ சட்டம் ஏன் என்று கேட்கிறான். அதை நீக்கும் சட்டமூலம் அரசியலமைப்புக்கு முரணில்லை என்று 2023இல் உயர் நீதிமன்றம் சொன்னதையும் சொன்னேன், காதில் ஏறவில்லை.

நுவரெலியா, கண்டி, பதுளை, எங்கே என்றாலும் வருவோம். மாற்றப் பார்க்காத, வெளியே சொல்லாத வைத்தியரோ ஆலோசகரோ வேண்டும், இரண்டு பேரும் சேர்ந்து போகலாமா? அப்புறம், அம்மாவிடம் பக்குவமாக எப்படி எடுத்துச் சொல்வது? இப்படி ஒரு இடத்திலிருந்து வெளியே வந்தவர்கள் இருந்தால், அந்த நேரம் உங்கள் துணை என்ன செய்தது உதவியது என்று இன்பாக்ஸில் எழுதுங்கள். சனிக்கிழமைக்கு முன்னால் கிடைத்தால் பெரிய உதவி.