இரண்டு பொத்தான், ஒரு பித்தளை மூடி: பழைய போர் விமானத்தின் எந்த உறுப்பு இது?

பழையபெட்டி எழுதியது:

வணக்கம். பழைய வானொலிப் பாகங்களைச் சேர்த்து வைத்திருந்த என் மாமாவின் பெட்டி என்னிடம் வந்திருக்கிறது. அதில் ஒரு பொருள் மட்டும் என்னவென்றே பிடிபடவில்லை. உள்ளங்கைக்குள் அடங்கும் கறுப்பு பேக்கலைட் (பழங்காலக் கெட்டிப் பிளாஸ்டிக்) பெட்டி. மேலே அருகருகே இரண்டு பொத்தான்கள். அவற்றை மூடிக்கொள்ளும் பித்தளை மூடி, கீல் வைத்தது. மூடியின் மேல் பெயர்த்தகடு இருந்ததற்கு அடையாளமாக இரண்டு சிறு துளைகள் இருக்கின்றன, தகடு இல்லை. பக்கவாட்டில் துணி சுற்றிய மின்கம்பியின் துண்டு ஒன்று நீட்டிக்கொண்டிருக்கிறது. கழன்றுபோன திருகுக்குப் பதிலாக என்னிடமிருந்த மெட்ரிக் திருகுகளைப் போட்டுப் பார்த்தேன், ஒன்றும் ஏறவில்லை.

"ஸ்பிட்ஃபயர் விமானத்துச் சாமான்" என்று மாமா சொல்லுவார், இரண்டாம் உலகப்போர்க் காலத்துப் பிரிட்டிஷ் போர் விமானம் அது. குண்டு வீசும் பொத்தானாக இருக்குமோ? உப்புத்தாள் போட்டுத் தேய்த்துச் சுத்தம் செய்யலாம் என்றிருக்கிறேன்.

காற்றாடி:

குண்டு வீசும் பொத்தானேதான். ஒன்று இடப்பக்கத்துக் குண்டுக்கு, மற்றது வலப்பக்கத்துக்கு. இதில் யோசிக்க என்ன இருக்கிறது?

தாமிரக்கம்பி:

யோசிக்க நிறையவே இருக்கிறது. பிரிட்டிஷ் குண்டுவீச்சு விமானங்களில் குண்டு வீசுபவர் கையில் பிடித்தது, கம்பியின் நுனியில் தொங்கும் ஒற்றைப் பொத்தான். இது விமானத்தோடு திருகி வைத்த பெட்டி.

பழையபெட்டி, முதல் வேலையாக உப்புத்தாளைத் தூக்கி எறியுங்கள். அந்தப் பெட்டி யார் என்று சொல்லப்போவது அதன் மேலிருக்கும் மங்கலான எழுத்துகள்தாம். அடிப்பக்கத்தில் சாக்குக்கட்டித் தூளை விரலால் மெல்லத் தடவி, அறையை இருட்டாக்கி, டார்ச்சைப் படுக்கை வாட்டத்தில் பிடியுங்கள். பள்ளமான எழுத்துகள் எழுந்து வரும். கிரீடம் ஏதாவது தெரிகிறதா?

மெட்ரிக் திருகு ஏறாதது நல்ல அறிகுறி. அக்காலத்துப் பிரிட்டிஷ் மின்கருவிகளில் பிஏ (பிரிட்டிஷ் அசோசியேஷன்) அளவுமுறை மரைகள்தாம் இருக்கும். அவற்றின் மரைக்கோணம் 47.5 பாகை, மெட்ரிக்கின் 60 பாகை அன்று. 4 பிஏ திருகின் விட்டம் 3.6 மில்லிமீட்டர். அளந்து பார்த்து வாங்குங்கள். முறுக்கி ஏற்றாதீர்கள், பேக்கலைட் விண்டுபோகும்.

பழையபெட்டி:

தெரிகிறது! கிரீடம், அதன் கீழே "ஏ எம்". அடுத்த வரியில் "5சி", ஒரு சாய்கோடு, பிறகு எண்கள். கடைசி இரண்டு எண்கள் தேய்ந்துவிட்டன.

தாமிரக்கம்பி:

ஏஎம் என்றால் ஏர் மினிஸ்ட்ரி, பிரிட்டனின் விமானத் துறை அமைச்சகம். சாய்கோட்டுக்கு முன்னால் இருப்பது கிடங்குப் பிரிவு. 5சி என்பது சுவிட்ச் முதலான மின்சாதனங்களின் பிரிவு. பறப்புக் கருவிகள் என்றால் 6ஏ, கேமராச் சாமான்கள் என்றால் 14ஏ என்று இருக்கும். ஆக, இது அரசுக் கிடங்கிலிருந்து போன மின்சுவிட்ச். அதுவரை உறுதி.

மெர்லின்பித்தன்:

இடையில் நுழைவதற்கு மன்னிக்கவும். அருகருகே இரண்டு பொத்தான் என்றதும் எனக்கு எஞ்சினைக் கிளப்பும் பொத்தான்கள்தாம் நினைவுக்கு வருகின்றன. ஸ்பிட்ஃபயரில் ஸ்டார்ட்டருக்கு ஒன்று, பூஸ்டர் காயிலுக்கு ஒன்று. அதன் மெர்லின் எஞ்சினைக் கிளப்ப இரண்டையும் ஒருசேர அழுத்த வேண்டும். முதல் பொத்தான் எஞ்சினைச் சுழற்றும். மெதுவாகச் சுழலும் நேரத்தில் மேக்னெட்டோ (எரிபொருளைப் பற்றவைக்கும் மின்பொறி தரும் கருவி) தரும் மின்பொறி போதாது என்பதால் இரண்டாவது பொத்தான் பூஸ்டர் காயில் வழியாகக் கூடுதல் மின்பொறி தரும். மாமா சொன்னது சரிதான் என்று எனக்குப் படுகிறது.

தாமிரக்கம்பி:

நல்ல ஊகம். எனக்கு வேறொரு ஊகம் இருக்கிறது, இப்போது சொல்லமாட்டேன். சொன்னால் எல்லோருக்கும் அதுவே தெரிய ஆரம்பித்துவிடும். மல்டிமீட்டர் சொல்லட்டும். பழையபெட்டி, அடித்தகட்டைக் கழற்றி, வெளிக்கம்பி சேரும் முனையங்களைக் கண்டுபிடியுங்கள். ஒரு பொத்தானை மட்டும் அழுத்தினால் இணைப்பு கிடைக்கிறதா, இரண்டையும் அழுத்தினால்தான் கிடைக்கிறதா? ஸ்டார்ட்டர் பொத்தான்கள் என்றால் இரண்டும் தனித்தனிச் சுற்றுகளாக இருக்க வேண்டும்.

பழையபெட்டி:

வெளிக்கம்பிக்கு இரண்டே முனையங்கள். இடப் பொத்தானை மட்டும் அழுத்தினால் ஒன்றுமில்லை. வலப் பொத்தானை மட்டும் அழுத்தினாலும் ஒன்றுமில்லை. இரண்டையும் சேர்த்து அழுத்தினால் மீட்டர் ஒலிக்கிறது. உள்ளே ஒரு பொத்தானிலிருந்து மற்றதற்குச் சிறிய பித்தளைப் பட்டை ஓடுகிறது. பழைய பட்டைதான், பின்னால் யாரும் ஒட்டவைத்தது போல் தெரியவில்லை.

மெர்லின்பித்தன்:

சரி, நான் தோற்றேன். தொடர் இணைப்பு என்றால் ஸ்டார்ட்டர் அன்று.

தாமிரக்கம்பி:

இப்போது சொல்கிறேன். இது ஐஎஃப்எஃப் கருவியை அழிக்கும் பொத்தான்பெட்டி. தரையிலிருக்கும் ராடாரின் துடிப்பு விமானத்தில் பட்டதும், "நான் நம்மவன்" என்று பதில் துடிப்பு அனுப்பும் கருவிதான் ஐஎஃப்எஃப். அது எதிரியின் கையில் அப்படியே சிக்கினால் அவனும் நம்மவன் வேஷம் போடலாம். அதனால் கருவிக்குள்ளேயே சிறிய டெட்டனேட்டர் வைத்தார்கள். எதிரி மண்ணில் இறங்க நேர்ந்தால் விமானி இரண்டு பொத்தான்களையும் ஒருசேர அழுத்துவார்; கருவியின் உள்ளுறுப்புகள் சிதைந்துபோகும். கையுறை போட்ட விரல் தவறுதலாகப் பட்டு வெடித்துவிடக் கூடாது என்பதற்காகத்தான் இரண்டு பொத்தான், தொடர் இணைப்பு, மேலே மூடி எல்லாம். அழுத்த நேரமில்லாமல் விமானம் மோதினால் தானாகவே சுற்றை மூடும் மோதல் சுவிட்சும் உண்டு.

உங்கள் கையிலிருப்பது வெறும் சுவிட்ச், ஆபத்தில்லை. ஆனால் மாமாவின் பெட்டியில் இரண்டு கம்பி நீட்டிய சிறு உலோகக் குழாய் ஏதாவது கிடக்கிறதா? கிடந்தால் அது டெட்டனேட்டராக இருக்கலாம்; தொடாதீர்கள், மீட்டரையும் வைக்காதீர்கள். காவல்துறைக்குச் சொல்லுங்கள்.

பழையபெட்டி:

குழாய் எதுவும் இல்லை, இரண்டு முறை பார்த்தேன். எண்கள் பழுப்பு நிறமாகிப்போன ஒரு டயல் மட்டும் இருக்கிறது, இருட்டில் ஒளிரவில்லை. அப்படியானால் இது ஸ்பிட்ஃபயருடையதுதானே?

தாமிரக்கம்பி:

அதை இந்தப் பெட்டி சொல்லாது. 5சி எண் கொண்ட பொருள் பொதுக்கிடங்கிலிருந்து எந்த விமானத்துக்கும் போகும். லங்காஸ்டருக்கும் போயிருக்கலாம், மாஸ்கிட்டோவுக்கும் போயிருக்கலாம். ஸ்பிட்ஃபயர் என்று சொல்ல, விமானத்தைக் கட்டியவர்களின் வரைபட எண் வேண்டும். ஸ்பிட்ஃபயரின் முதல் வகையில் அது 300 என்று தொடங்கும். அது உடற்பகுதித் தகடுகளிலும் தாங்கிகளிலும் இருக்கும், இப்படிப்பட்ட சுவிட்சில் இருக்காது. விற்பவர்கள் எல்லாவற்றையும் ஸ்பிட்ஃபயர் ஆக்கிவிடுவார்கள், விலை அப்படி.

டயல் ஒளிரவில்லை என்று ஏமாறாதீர்கள். இருட்டில் ஒளிர்வதற்காக எண்களில் தடவிய பூச்சில் கதிரியக்கமுள்ள ரேடியம் இருக்கக்கூடும். ஒளிரும் துத்தநாகச் சல்பைடுதான் கெட்டுப்போகிறது. ரேடியத்தின் அரை ஆயுள் 1600 ஆண்டு. கண்ணாடியைத் திறக்காதீர்கள், சுரண்டாதீர்கள்.

பழையபெட்டி:

டயலை மூடியுள்ள டப்பாவில் போட்டு, சீட்டு எழுதி, எட்டாத இடத்தில் வைத்துவிட்டேன். 4 பிஏ திருகு பொருந்திவிட்டது. ஒன்று சொல்ல மறந்துவிட்டேன்: சிறுவயதில் மாமா வீட்டுக்குப் போனால் இந்தப் பெட்டிதான் எனக்கு விளையாட்டுச் சாமான். லிஃப்ட் ஓட்டுவதாக நினைத்துக்கொண்டு இரண்டு பொத்தான்களையும் மாறி மாறி அழுத்திக்கொண்டிருப்பேன். மாமா பார்த்துச் சிரிப்பார். ஏன் சிரித்தார் என்று இப்போதுதான் தெரிகிறது.