புதுப்பிப்பு: கப்பல் நாவல்களை விட்டுவிட்டு நேராக ஃபிட்ஸிடம் போகலாமா?

பதில் போட்ட எல்லாருக்கும் நன்றி. புதிதாக வருபவர்களுக்கு: ஆங்கில ஃபேன்டஸி எழுத்தாளர் ராபின் ஹாபின், ஃபிட்ஸ் என்பவனை நாயகனாகக் கொண்ட முதல் முத்தொகுதி முடிந்தது, நடுவில் இருக்கும் ‘லைவ்ஷிப் டிரேடர்ஸ்’ கப்பல் நாவல்கள் மூன்றையும் தாண்டி, ஃபிட்ஸ் கதை தொடரும் ‘ஃபூல்ஸ் எரண்ட்’ எடுக்கலாமா என்று கேட்டிருந்தேன்.

"வெளிவந்த வரிசையிலேயே படிங்க" என்றவரின் யோசனைதான் சரிப்பட்டது. காட்பாடி–சென்னை ரயிலில் போகவர இதே வேலை. கப்பல் நாவல்களில் முதலாவதான, 1998இல் வந்த ‘ஷிப் ஆஃப் மேஜிக்’ ஆரம்பத்தில் இழுவைதான். ஃபிட்ஸ் தன் கதையைத் தானே சொல்வான். இங்கே பார்வை ஆளுக்கு ஆள் மாறும், பழகக் கொஞ்சம் நேரம் பிடிக்கும்.

எதிர்பாராதது மால்டா என்ற பாத்திரம். முதல் பாகத்தில் ரெண்டு அறை விடலாம் போலிருந்த பெண். மூன்றாவதில் அவளுக்காகவே பக்கம் புரட்டினேன். இதை ஒருத்தரும் சொல்லலையே! கடற்கொள்ளையன் கென்னிட் பற்றி வாயைத் திறக்க மாட்டேன்.

‘ஃபூல்ஸ் எரண்ட்’ தொடக்கம் நகரவில்லை என்ற எச்சரிக்கை உண்மை. 35 வயது ஃபிட்ஸ், குடிசை, கோழிகள், வயதாகிவிட்ட ஓநாய். எனக்குப் பிடித்ததே அந்தப் பகுதிதான்.

வரிசை ஏன் முக்கியம் என்பது அடுத்த ‘கோல்டன் ஃபூல்’ படிக்கும்போது புரிந்தது. கப்பல் நாவல்களின் ஊரான பிங்டவுனிலிருந்து ஒரு தூதுக்குழு, ஃபிட்ஸ் இருக்கும் பக்கீப் கோட்டைக்கு வருகிறது. கப்பல் கதை தெரிந்தவர்களுக்கு அது பழைய சொந்தக்காரர்கள் வந்த மாதிரி. தாண்டிப் படித்த ராணிப்பேட்டை நண்பருக்கோ, கதை புரிந்தாலும் அந்த இடம் சப்பென்று இருந்ததாம். கூடவே கப்பல் ரகசியங்களும் அவருக்கு அங்கேயே உடைந்துவிட்டன.